கீறலும் நிறப் பொருத்தமும்

தொழிற்சாலையில் நிறந்தீட்டிய மோட்டார்ச் சைக்கிளுக்கு நிறக் குறியீட்டெண் உண்டு. உரிமையாளர் தம் விருப்பப்படி தீட்டுவித்த வண்டிக்கு அஃதில்லை. அதன் பெற்றோல் தாங்கியில் கீறல் விழுந்தால் யாது செய்வது? விட்டுவைத்தால் இரும்பு துருவேறும். நிறம் மாறிப் பூசினால் தழும்பாய்த் தெரியும்.

வர்ணந்தீட்டியவரிடம் கலவைக் குறிப்பை முதலிற் கேட்டறிக என்போம். ஆயினும் அது மட்டும் போதாது. பழைய வர்ணம் வெயிலில் வெளிறியிருத்தல் கூடும். வெள்ளிப் பூச்சின்மேல் ஒளியூடுருவும் வர்ணமிட்ட 'கேண்டி' வகையிலோ, பூச்சொன்று கூடினும் நிறம் கறுக்கும். அங்கே தாங்கி முழுவதையும் மீளத் தீட்டுதலே நன்று.

ஏனையவற்றுக்கு, கலவையை அட்டையொன்றிற் பூசி, நன்குலர்ந்தபின் பகலொளியில் ஒப்பிடுதல் வேண்டும். குழல்விளக்கின் கீழ் ஒத்த இரு நிறங்கள் வெயிலில் வேறுபடுவதை நாம் காணலாம். பொருத்தம் கிட்டியதும் அளவுகளை எழுதி வைத்தல் அடுத்த கீறலுக்கு மருந்தாகும்.