கசப்பது இலையா, வெந்நீரா?

பேரங்காடியில் தேயிலை அடுக்கியிருக்கும் பகுதியில் நின்றால் தலை சுற்றும். பசுந்தேயிலை, ஊலோங், கருந்தேயிலை என எத்தனையோ பெட்டிகள்! ஆனால், இவை அனைத்தும் கேமிலியா சினென்சிஸ் என்ற ஒரே தாவர இனத்தின் இலைகள்தாம். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இலையைக் கசக்கினால் செல்கள் உடையும். உள்ளிருக்கும் நொதிகள், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு கேட்டசின் எனும் சேர்மங்களை மாற்றத் தொடங்கும். நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகை வினையே. கருந்தேயிலையில் இந்த வினையை நன்றாக நடக்க விடுகிறார்கள். ஊலோங்கில் பாதியில் நிறுத்துகிறார்கள். பசுந்தேயிலையிலோ இலையை விரைவில் சூடாக்கி நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், கேட்டசின் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

"பசுந்தேநீர் கசக்குது சார், சீனி போட்டால்தான் இறங்குது" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டால், ஆமாம் என்பார்கள். கசப்பும் துவர்ப்பும் தருபவை கேட்டசினும் காஃபினும். நீர் சூடாக இருக்க இருக்க இவை வேகமாகவும் அதிகமாகவும் கரையும். இதமான சுவை தரும் தியானின் என்ற அமினோ அமிலமோ குறைந்த சூட்டிலேயே நன்றாகக் கரைந்துவிடும். ஆகவே பசுந்தேயிலைக்கு 70 முதல் 80 பாகை செல்சியஸ், இரண்டு நிமிடம் போதும். கருந்தேயிலைக்குக் கொதிநீர், மூன்று நான்கு நிமிடம். (கேமரன் மலையில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையுமல்லவா?)

இதற்காக வெப்பமானி வாங்க வேண்டாம். ஆய்வுக்கூடத்து வெப்பமானியை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அது எந்தெந்த இரசாயனத்தில் முங்கியதோ! கொதித்த நீரை ஒரு பீங்கான் குவளையில் ஊற்றி, பின் இன்னொரு குவளைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 10 பாகை குறையும். படிவம் 4 இயற்பியலில் வரும் வெப்பச் சமநிலைதான் இங்கே வேலை செய்கிறது.

காசு செலவழிப்பதாக இருந்தால் நல்ல வடிகட்டிக்குச் செலவழியுங்கள். சங்கிலி கோத்த உருண்டை வடிகட்டி பார்க்க அழகு, பயன் குறைவு. காய்ந்த இலை நனைந்ததும் பல மடங்கு விரியும். உருண்டைக்குள் அதற்கு இடமில்லை, நீரும் சரியாகப் புகாது. குவளையின் வாயில் உட்காரும், ஆழமான கூடை வடிகட்டியே மேல். நேரம் முடிந்ததும் இலையோடு தூக்கிவிடலாம்.

தேநீர்ப் பையிலுள்ள தூளை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். தூளுக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் சாறு விரைவாக இறங்கும். தே தாரேக்கிற்கு அந்தக் கடுமைதான் வேண்டும். பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்குக்குப் பதமாகிறது.

முதலில் சிறிய பொட்டலம் பசுந்தேயிலை ஒன்று வாங்குங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் பெரிய பொட்டலம் மணம் இழந்துவிடும். மூன்று குவளைகளில் தலைக்கு ஒரு தேக்கரண்டி இலை, ஒரே அளவு நீர், ஒரே நேரம். ஒன்றுக்குக் கொதிநீர், மற்றொன்றுக்கு ஒருமுறை மாற்றிய நீர், மூன்றாவதற்கு இருமுறை மாற்றியது. சீனி போடாமல் மூன்றையும் வீட்டாருக்குக் கொடுத்து, எது எதென்று சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.