சஃபாரி விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் ஏஜென்டிடம் முதலில் கேட்பது, “சிங்கம் கண்ணில் படுமா?” என்பதுதான். “ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் யார் வருவார்கள், எப்படி வருவார்கள்?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் ஆகும். சிறு விமானத்தில் போனால் ஏறக்குறைய முக்கால் மணி. நடுக்காட்டில், மின்வேலி இல்லாத முகாமில், கூடாரத்துக்கு வெளியே நீர்யானை மேயும் சத்தம் கேட்டபடி தூங்குவதற்காகத்தான் லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். ஊரை விட்டு அவ்வளவு தள்ளி இருப்பதுதான் அந்த இடத்தின் அழகு, அதுவேதான் ஆபத்தும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பேரம் பேச இடமில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் பணம் நம் கையில் இருக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி மருத்துவ மீட்பு பற்றியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த வேலையில் பெயர் பெற்றது ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை. 1957-இல் தொடங்கியது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மருத்துவரோடும் செவிலியரோடும் புறப்பட்டு, காட்டு ஓடுபாதையில் இறங்கி, நோயாளியை நைரோபிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பயணிகளுக்கான குறுகிய காலச் சந்தா உண்டு. பல விடுதிகள் விருந்தினர்களுக்கு அதைத் தாங்களே எடுத்துவிடுகின்றன. ஆனால் அந்தச் சந்தா விமானத்தில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு மட்டும்தான். நைரோபி மருத்துவமனையின் பில் அதில் சேராது. விளக்கு வசதி இல்லாத ஓடுபாதைகளில் பொதுவாகப் பகலில்தான் விமானம் இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இரவில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், விடியும்வரை அவரைப் பார்த்துக்கொள்ள முகாமில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, ஆக்சிஜன் இருக்கிறதா, தொலைபேசி எடுக்காவிட்டால் ரேடியோவோ சாட்டிலைட் போனோ உண்டா என்று கேளுங்கள். நல்ல விடுதி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது. மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

பயணக் காப்பீடு இந்த மீட்புச் செலவை ஏற்கிறதா என்று பாலிசிப் பத்திரத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். நடைசஃபாரியையும் வெப்பக்காற்று பலூனையும் ‘சாகச விளையாட்டு’ என்று சொல்லி விலக்கி வைக்கும் பாலிசிகள் உண்டு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பதைப் படிவத்தில் மறைப்பவர்கள் நம்மிடையே ஏராளம். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சமாகும், கிளெய்ம் நேரத்தில் மொத்தமும் கைவிட்டுப் போகும். மறைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. பல முகாம்கள் சூரிய மின்சாரத்திலும் ஜெனரேட்டரிலும் ஓடுகின்றன. மருந்து வைக்க இருபத்து நான்கு மணி நேரமும் குளிர்பெட்டி ஓடுமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ஊர் திரும்பும் கவலையாகவும் பார்க்க வேண்டும். கென்யா அந்த நோய் உள்ள நாடுகளில் ஒன்று. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா வந்து இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016-இல் விதி மாறிவிட்டது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில்தான் போட வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசட்டும். மலேரியாவுக்கு இப்படியொரு ஊசி பயணிகளுக்கு இல்லை. தினமோ வாரம் ஒருமுறையோ எடுக்கும் தடுப்பு மாத்திரைதான். ஊர் திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை அதை முடிக்க வேண்டும். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், “ஆப்பிரிக்கா போயிருந்தேன்” என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா நாள் கடத்தினால் ஆளையே கொன்றுவிடும்.

பண விஷயத்துக்கு வருவோம். மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். வில்டபீஸ்ட் எனும் மான் இனக் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் பருவத்தில் நால்வர் மூன்று நாள் போனால் இதுவே 2,400 டாலர். மலிவாகத் தெரியும் பல பேக்கேஜ்களில் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்காது. கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு இணையவழி முன்னனுமதியைக் கொண்டுவந்தது. அரசுத் தளம் போலவே தோன்றி இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரி ‘கோ டாட் கேஇ’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரில் இல்லாத, தனிநபர் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். கென்ய நிறுவனம் என்றால் அந்நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு.

மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். தள்ளுபடி விலைகள் அப்போதுதான் வரும். 2024 மே தொடக்கத்தில் தாலேக் ஆறு பெருகி மாராவின் பல முகாம்கள் நீரில் மூழ்கின. பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். விடுதியை எட்டவே முடியாத நிலை வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா, எத்தனை நாளுக்குள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

வில்சனில் சிறு விமானம் ஏறும்போது பையைத் தராசில் வைப்பார்கள். கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து 15 கிலோ என்பதே வழக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி விமானத்தின் அடிவயிற்று அறைக்குள் நுழையாது, துணிப்பைதான் வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதலே தடை இருக்கிறது. காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. விமானத்துக்குப் பதில் சாலையில் போவதானால் இருட்டுவதற்குள் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். சீட் பெல்ட் இல்லாத வண்டியை ஏற்காதீர்கள். 2025 ஜூனில் கத்தாரிலிருந்து சுற்றுலா வந்த இந்தியர்களின் பேருந்து நியாண்டருவா பகுதியில் கவிழ்ந்து கேரளத்தவர் பலர் இறந்தார்கள். சிங்கத்தைவிடச் சாலைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

விலங்குகளும் விளையாட்டல்ல. அதே 2025-இன் ஜூலையில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில், வழிகாட்டிகளோடு நடந்துபோன இரண்டு பெண் பயணிகளைக் குட்டியுடன் இருந்த யானை கொன்றது. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கூடாரத்துக்கு ஐம்பது அடி தூரம்தான் என்றாலும், டார்ச்சோடு வரும் அஸ்காரி எனப்படும் காவலர் இல்லாமல் நடக்கக் கூடாது. அவர் நின்றால் நிற்க வேண்டும், பேசாதே என்றால் பேசக் கூடாது. பிள்ளைகளுடன் போகிறவர்கள் வயது வரம்பைக் கேளுங்கள். வேலியில்லாத பல முகாம்கள் சிறு பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. முகாமில் இறங்கியதும் ‘எது நடந்தாலும் விடுதி பொறுப்பல்ல’ என்ற படிவத்தை நீட்டுவார்கள். மொத்தப் பணமும் கட்டி, காட்டுக்குள் வந்து நிற்கும் மனிதர் அப்போது எப்படி மறுப்பார்? அதனால் அந்தப் படிவத்தை முன்பதிவின்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏமாற்றப்பட்டால்? நம் ஊர் நிறுவனம் மூலம் பதிவு செய்திருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். நேர்ந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் தலையில் கட்டும் ஒப்பந்தம் நியாயமற்றது என்று அதே சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலித் தளத்தில் பணம் போயிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. பேக்கேஜில் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வரித் தொகையும் உங்கள் பணம்தான். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

கென்ய நிறுவனத்திடம் நேரடியாகப் பணம் கட்டியவருக்கு இங்கே தீர்ப்புக் கிடைத்தாலும் அதை அங்கே நிறைவேற்றுவது கடினம். ஆகவே மீட்பு, காப்பீடு, கட்டணம், ரத்து விதி, பொறுப்புப் படிவம் ஆகிய ஐந்தையும் கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தில் பதில் வராத இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.