பம்பருக்குப் பின்னால் பதுங்கும் துரு

அமெரிக்காவில் கார் தொழிலின் தலைநகரம் டெட்ராய்ட். அந்த ஊருக்கு அடியில், ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில், நூறு வருஷத்துக்கும் மேலாக ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்க அங்கிருந்து லாரி லாரியாகக் கல்லுப்பு போகும். மேலே கார் செய்தார்கள். அந்தக் காரைத் தின்னும் உப்பைக் கீழே தோண்டினார்கள். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கங்களில் 1970-களின் கார் வைத்திருப்பவர்கள் விடுமுறை நாளில் ஸ்பேனரும் கையுமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பது பெரும்பாலும் அந்த உப்பின் புண்ணியம்தான்.

அவர்கள் மல்லுக்கட்டும் பாகங்களில் ஒன்று பம்பர் தாங்கி. பட்டறை மொழியில் பிராக்கெட்.

பழைய கார்களின் பம்பர், குரோம் பூசிய கனத்த இரும்புத் தகடு. துடைத்து வைத்தால் முகம் பார்க்கலாம். ஆனால் அதைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் பிராக்கெட்டுக்கு அந்த யோகம் இல்லை. கறுப்புப் பெயின்ட் அடித்த சாதாரண இரும்பு அது. சக்கரம் வாரியிறைக்கும் உப்புச் சேறு அதன் மடிப்புகளில் போய் அப்பிக்கொள்ளும். வெளியே யாருக்கும் தெரியாது. பம்பர் ஒரு பக்கம் லேசாகத் தொங்கும்போதோ, மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடும்போதோதான் விஷயம் வெளியே வரும்.

உப்பு நேரடியாக இரும்பைத் தின்பதில்லை. துருவுக்குத் தேவை தண்ணீரும் ஆக்சிஜனும். உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால் அந்த வேதிவினை வேகமெடுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், ஒட்டியிருக்கும் சோடியம் குளோரைடு தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். மழை பெய்ய வேண்டியதே இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பனியில் நனைந்த காரைக் கதகதப்பான கொட்டகைக்குள் பத்திரமாக நிறுத்துகிறோம் என்று நினைப்பவரின் வண்டி, வெளியே உறைகுளிரில் நிற்கும் வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். சூட்டில் எல்லா வேதிவினையும் சுறுசுறுப்பாகிறது.

துருப்பிடித்த பிராக்கெட்டைக் கழற்றப் போவதற்கு முன் காரின் வயதைப் பார்ப்பது முக்கியம். 1973 மாடல்களிலிருந்து அமெரிக்க அரசு ஒரு விதியை அமல்படுத்தியது. மணிக்கு 5 மைல், அதாவது 8 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் தடுப்பில் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது. பின்பக்கத்துக்கு முதலில் 2.5 மைல், அடுத்த ஆண்டே அதுவும் 5 ஆனது. பம்பர்கள் பெருத்தன, கனத்தன. பல கார்களில் வெறும் பிராக்கெட் இருந்த இடத்துக்கு ஓர் உருளை வந்தது. உள்ளே எண்ணெய், பிஸ்டன், அழுத்தி அடைத்த வாயு. மோதும்போது எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிறகு வாயு பம்பரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அழகான ஏற்பாடு. 1982-ல் அரசு அந்த மோதல் வேக வரம்பை 2.5 மைலாகத் தளர்த்தியது.

வீட்டில் வேலை செய்பவருக்கு உண்மையான ஆபத்து அந்த உருளையில்தான். அதைச் சூடாக்கவோ, வெல்டு அடிக்கவோ, துளையிடவோ கூடாது. எரியும் கார்களில் இது வெடித்து பம்பரையே தூக்கி வீசக்கூடும். அதனால்தான் தீயணைப்பு வீரர்களை பம்பருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள் என்று பயிற்சியில் எச்சரிக்கிறார்கள். மோதி உள்ளே போய் அப்படியே சிக்கி நிற்கும் உருளையில் கைவைக்காமல், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. பின் பம்பர் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க கார்கள் பலவற்றில் பெட்ரோல் ஊற்றும் வாய், பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும். தீ உமிழும் டார்ச் வைத்துப் போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சும் பட்டறை வித்தை அங்கே செல்லாது.

மற்றபடி வேலையில் முக்கால்வாசி, போல்ட்டோடு நடக்கும் சண்டை. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்குள் அது உப்பி, நட்டை ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும். அவசரக்காரர் நீளக் குழாயைச் சொருகி ஒரே இழுப்பில் போல்ட்டை முறித்துவிடுவார். கை தேர்ந்தவர் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுவார். மறுநாளும் உடனே தளர்த்தமாட்டார். முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்புவார். துருவின் பிடி ‘டக்’கென்று விட்டால்தான் எதிர்ப்பக்கம். பன்னிரண்டு முக சாக்கெட்டைவிட ஆறு முக சாக்கெட் நல்லது, நட்டின் மூலைகள் மழுங்காது. குரோம் போல்ட்டுகள் பலவற்றுக்கு மொட்டைத் தலை, கழுத்து மட்டும் சதுரம். அந்தச் சதுரத் துளை துருவில் வட்டமாகிவிட்டால், நட்டைத் திருப்பத் திருப்ப போல்ட்டும் கூடவே சுற்றும். பிறகு நட்டை அறுத்தெடுப்பதே வழி.

கடைசி நட்டு கழன்றதும் பம்பர் மொத்தமாக இறங்கும். இரண்டு ஆள் தூக்கும் எடை அது. அதனால் முதலிலேயே கீழே முட்டுக் கொடுத்து, விளக்கு ஒயர்களையும் கழற்றி வைக்க வேண்டும்.

புது பிராக்கெட்டைப் பூட்டும்போது போல்ட்டின் தலையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அங்குலக் கணக்குப் போல்ட்டில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5. ஆறு கோடுகள் என்றால் அதைவிட வலுவான கிரேடு 8. கோடே இல்லாத சாதாரண போல்ட்டு அங்கே வேண்டாம். பிராக்கெட்டில் துளைகள் நீளவாக்கில் இருப்பது பம்பரை நேராக்குவதற்குத்தான். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, இரண்டு பக்க இடைவெளியையும் சரிபார்த்த பிறகே இறுக்குவது முறை. துத்தநாகம் கலந்த பிரைமரைத் துளைகளின் உள்விளிம்பு வரை பூச வேண்டும். துரு முதலில் கால்வைப்பது அங்கேதான்.

இத்தனையும் பிராக்கெட் மாட்டும் சட்டத்தின் முனை திடமாக இருந்தால்தான் பலிக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போனது ‘பொத்’தென்று சத்தம் போடும், ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளேயே இறங்கிவிடும். அப்படி இறங்கினால் அது வீட்டு முற்றத்தில் முடியும் வேலை இல்லை, வெல்டரிடம் போக வேண்டியது. புது பிராக்கெட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தட்டலைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.