நினைவகமும் கணினியின் வேகமும்

மாணவர்களே! நம் மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பழைய மூட்டைகளை வெளியேற்றாமல் புதியவற்றை அடுக்கிக்கொண்டே போனால், ஒரு நாள் உள்ளே நடக்கவும் வழியிராது. கணினியின் நினைவகமும் அத்தகையதே.

ஒவ்வொரு நிரலும் தன் பணிக்கு நினைவகத்தில் இடம் பெறுகிறது. பணி முடிந்ததும் அதனைத் திருப்பித் தருதல் வேண்டும். பிழையுள்ள நிரல் தருவதில்லை. இதுவே 'நினைவகக் கசிவு' எனப்படும். இடம் குறையக் குறையக் கணினி, தரவுகளை வேகம் குறைந்த வட்டுக்கு மாற்றுவதும் மீண்டும் எடுப்பதுமாக இருக்கும். அதனால், நெடுநேரம் இயங்கும் கணினி தளர்கிறது.

இச்சிறு பிழை பெருந்தீங்கும் விளைவிக்கலாம். இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி, 1992 நவம்பர் 4 அன்று நள்ளிரவு கடந்து 2 மணிக்குப் பின் தளர்ந்து, சற்று நேரத்தில் முற்றிலும் நின்றது. ஒவ்வொரு வண்டியை அனுப்பியபோதும் நிரல் சிறிதளவு இடத்தை விடுவிக்காமல் விட்டிருந்தது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் நினைவகம் நிரம்பிவிட்டது. ஊழியர்கள் தாளில் எழுதியே பணியைத் தொடர்ந்தனர்.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் நினைவகம் காலியாகும், வேகம் திரும்பும். ஆயினும் பிழை அங்கேயே இருக்கும். அதனைக் கண்டறிந்து திருத்துவதே நிலையான தீர்வாகும்.