உங்களுக்குத் தெரியுமா? வுச்சீரியாவில் விழுந்த குண்டுகள்

● சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவில், "வுச்சீரியாவின் கற்கள் காயும்போது பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரியம் நடக்கவே நடக்காது என்று அர்த்தம். அந்தப் பழைய சந்தையின் தரையில் பாவிய கற்கள் மீன் கடை ஐஸ் உருகிய தண்ணீரில் எப்போதும் நனைந்தே கிடந்தன. இன்று பகலில் போனால் பல இடங்களில் கல் காய்ந்திருக்கிறது. கடைகள் குறைந்து, இரவில் மதுக்கூடங்களுக்கு வரும் கூட்டம்தான் அதிகம். சந்தை இப்படிச் சுருங்கியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று 1943-இல் வானத்திலிருந்து விழுந்தது.

● போரில் விமானத்திலிருந்து குண்டு வீசுவதைத் தொடங்கி வைத்த நாடே இத்தாலிதான். 1911 நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலிய விமானி, லிபியாவில் துருக்கியர் தரப்பின் முகாம்கள் மீது நான்கு சிறு குண்டுகளைக் கையாலேயே எடுத்துப் போட்டார்.

● விமானக் குண்டுவீச்சுக்கு ஒரு கொள்கை வகுத்தவரும் இத்தாலியர்தான். தளபதி ஜூலியோ தூவே 1921-இல் வெளியிட்ட நூலில், எதிரியின் நகரங்களை அடித்து மக்களின் மன உறுதியைக் குலைத்துவிட்டால் போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று வாதிட்டார். பதுங்குகுழிகளில் ஆண்டுக்கணக்கில் செத்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்பது அவர் கணக்கு. சாவைக் குறைக்கத்தான் கொல்கிறோம் என்ற இந்த வாதம் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. ஒவ்வொரு போரிலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

● விஷவாயுவைத் தடைசெய்யும் 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் இத்தாலியும் கையெழுத்திட்டிருந்தது. ஆனாலும் முசோலினியின் விமானங்கள் 1935–36-இல் எத்தியோப்பியர்கள் மீது அந்த வாயுவைக் கொட்டின. எத்தியோப்பியாவைப் பிடித்த பிறகு, 1936 மே 9 அன்று முசோலினி பேரரசு பிரகடனம் செய்தார். சரியாக ஏழாண்டுகள் கழித்து, 1943 மே 9 அன்று, பலெர்மோ அதுவரை காணாத பெரிய தாக்குதலைக் கண்டது. எத்தியோப்பியர்கள் மீது விஷவாயு வீச உத்தரவிட்டவர்கள் யாரும் அன்று வுச்சீரியாவில் மீன் விற்றுக்கொண்டிருக்கவில்லை.

● ஒரே துறைமுகத்தை இரண்டு விதமாகத் தாக்க முடியும் என்பதற்குப் பலெர்மோவே சாட்சி. 1943 ஜனவரி 3 அதிகாலை, நீர்மூழ்கிகளில் வந்த பிரிட்டிஷ் கடற்படையினர் 'சாரியட்' என்ற டார்ப்பிடோக்களின் மேல் இருவர் இருவராகக் குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, மூழ்குடை அணிந்து, குளிர்ந்த கடலுக்குள் துறைமுகம் நோக்கிப் போனார்கள். கிரீன்லாந்து, ஃபெரியர் என்ற இருவர் பாதுகாப்பு வலைகளைத் தாண்டி உள்ளே நுழைந்து, கட்டுமானம் முடியும் நிலையில் இருந்த 'உல்பியோ த்ரயானோ' போர்க்கப்பலின் அடியில் வெடிமருந்தைப் பொருத்தினார்கள். கப்பல் மூழ்கியது. இருவரும் பிடிபட்டார்கள். மற்ற சாரியட்களில் போன சிலர் திரும்பவே இல்லை. குறி கப்பல், அடிபட்டதும் கப்பல். ஆபத்து முழுவதையும் போனவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

அதே துறைமுகத்துக்கு மார்ச் 22 அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. வெடிமருந்து ஏற்றியிருந்த ஒரு கப்பல் வெடித்தது. துறைமுகம் சிதறியது. துனீசியாவில் போரிட்டுக்கொண்டிருந்த ஜெர்மன், இத்தாலியப் படைகளுக்கு இங்கிருந்துதான் சரக்கு போனது. அதனால் துறைமுகத்தைக் குறிவைத்ததில் ராணுவ நியாயம் இருந்தது. ஆனால் கலா என்ற பழைய துறைமுகத்திலிருந்து வுச்சீரியாவுக்குச் சில நிமிட நடைதான். பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து விழும் குண்டுக்கு அந்தச் சில நிமிட தூரம் ஒரு பொருட்டே அல்ல.

● ஏப்ரல் 18 அன்று பேராலயத்துக்கு அருகில் செத்தாஞ்செலி சதுக்கத்தில் இருந்த பதுங்கிடத்தின் மேலேயே குண்டு விழுந்தது. சங்கொலி கேட்டதும் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி ஓடிப்போனவர்கள்தான் அங்கே செத்தார்கள்.

● போர்க்காலம் முழுவதும் பலெர்மோவில் குண்டுவீச்சில் இறந்த பொதுமக்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். முதல் குண்டை 1940 ஜூனில் பிரெஞ்சு விமானங்கள் போட்டன. பிறகு பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள். 1943 ஜூலை 22 அன்று அமெரிக்க ஜெனரல் பேட்டனின் படை நகரைப் பிடித்த பிறகு, இத்தாலியின் கூட்டாளியாக இருந்த ஜெர்மனியின் விமானங்களும் வந்து போட்டன. ஒவ்வொருவரிடமும் அவரவர்க்கான காரணம் இருந்தது.

பாசிசத்தை ஆயுதம் ஏந்தித்தான் வீழ்த்த முடிந்தது, அது சரியான போர் என்றே நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையால் செத்தாஞ்செலி பதுங்கிடத்தில் செத்தவர்களின் கணக்கு தீர்ந்துவிடாது. போர் எதற்கு என்பது ஒரு கேள்வி, எப்படி நடத்தினீர்கள் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள்தான் இரண்டாவது கேள்வியிலிருந்து எளிதாகத் தப்பித்துவிடுகிறார்கள்.

● பலெர்மோ மக்கள் மாலையில் உலாவும் ஃபோரோ இத்தாலிக்கோ கடற்கரைப் புல்வெளி இயற்கையாக அமைந்த நிலமல்ல. குண்டு இடித்த வீடுகளின் இடிபாடுகளைக் கடலில் கொட்டியதால் உண்டான நிலம்.

● 'சிறுத்தை' நாவலால் உலகப் புகழ்பெற்ற ஜுசெப்பே தொமாசி தி லம்பெதூசாவின் குடும்ப மாளிகையும் வுச்சீரியாவுக்கு அருகில்தான் இருந்தது. 1943 ஏப்ரலில் அது இடிந்தது. பிறந்து வளர்ந்த அந்த வீட்டின் இழப்பிலிருந்து அவர் கடைசிவரை மீளவில்லை.

● குண்டு இடித்ததைக் கட்டியெழுப்ப வேண்டிய பணம் பழைய நகருக்கு வரவில்லை. 1950களிலும் 60களிலும் அரசியல்வாதிகளும் மாஃபியாவும் கைகோத்து, புறநகரில் தோட்டங்களை அழித்து அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். 'பலெர்மோ சூறை' என்றே அதற்குப் பெயர். பழைய நகர மக்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். வுச்சீரியாவின் கராஃபெல்லோ சதுக்கத்தைச் சுற்றிக் கூரையற்ற சுவர்கள் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றன. 2014-இல்கூட அங்கே ஒரு பழைய மாளிகை இடிந்து விழுந்தது. போர் முடிந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

● ரெனாத்தோ குத்தூஸோவின் 'வுச்சீரியா' ஓவியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1974-இல் வரைந்தது, இன்று பலெர்மோவின் ஸ்தேரி மாளிகையில் இருக்கிறது. தொங்கும் இறைச்சி, வாள்மீன், முட்டை, காய்கறிகள் என்று மூச்சுமுட்டும் அளவுக்கு நிறைந்த சந்தை. வரைந்தவர் நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் பங்கேற்றவர்.

● பலெர்மோவில் 1980கள் முதல் ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் போகும் பக்தர்களில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் உண்டு, தமிழ் இந்துக்களும் உண்டு. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றால் என்னவென்று அந்த ஊர்க் கிழவிகளுக்கு இவர்கள் விளக்க வேண்டியதில்லை.

● 1995 ஜூலை 9 அன்று, இலங்கை ராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையின்போது, யாழ்ப்பாணம் நவாலியில் அகதிகள் தங்கியிருந்த தேவாலயத்தின் மேல் விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய அரசு அந்தப் போருக்கு வைத்த பெயர் 'சமாதானத்துக்கான போர்'. 2009-இல் வன்னியில் நடந்த இறுதிப் போருக்குப் பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. தாக்குதல் இல்லா வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்ததை ஐ.நா. வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. தப்பியோட முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது.

● 1943-இல் விமானக் குண்டுவீச்சுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1923-இல் ஹேக் நகரில் எழுதப்பட்ட வரைவு நடைமுறைக்கே வரவில்லை. 1949-இன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் போரில் சிக்கிய குடிமக்களுக்கென எழுதப்பட்டது. 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறைதான், ஊருக்குள் தனித்தனியாக இருக்கும் பல இலக்குகளை ஒரே இலக்காக எண்ணி ஊரையே தாக்குவதைத் தடைசெய்தது. கிடைக்கும் ராணுவப் பலனைவிடப் பொதுமக்களுக்கு அளவுமீறிய சேதம் வரும் என்று தெரிந்தால் தாக்கக்கூடாது என்றும் அது விதித்தது.

இத்தாலி 1986-இல் அதை ஏற்றது. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது. இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை அதில் சேரவில்லை.