அம்மா சொல்லாமல் விட்ட குளிசை

போன மாதம் அம்மாவை எண்டோஸ்கோபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "என்னென்ன மருந்து எடுக்கிறார்?" என்று தாதி கேட்க, நான் மொழிபெயர்த்தேன். "பிரஷர் குளிசை மட்டும்தான்" என்றார் அம்மா. தாதி அங்கால் போனதும் மெல்லமாக, "ராத்திரி நித்திரைக் குளிசையும் ஒண்டு போட்டனான். அதையும் சொல்ல வேணுமே?"

அது லோராசிபாம். ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் கோபிக்கவில்லை; விளங்கப்படுத்தினார். இந்தச் சோதனைக்கு மிடசோலம், ஃபென்டனில் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். ஒன்று மயக்கத்துக்கு, மற்றது நோவுக்கு. இரண்டுமே மூச்சை மந்தமாக்கும். சேரும்போது இன்னும் கூட. லோராசிபாமோ மிடசோலத்தின் குடும்பம்.

அதனால் அளவைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். விரலில் மாட்டிய கருவி ஒட்சிசனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து கூடினால் முறிக்க ஃப்ளூமசெனிலும் நாலோக்சோனும் இருக்கின்றன. ஆனாலும் அந்த நிலை வராமல் பார்ப்பதுதானே நல்லது?

நித்திரைக் குளிசை, நோ மருந்து, இரவில் போடும் ஒரு பெக், பலத்த குறட்டை: இவற்றைச் சொல்ல எங்கட ஆக்களுக்கு வெட்கம். மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளே, முதல்நாளே அம்மாவின் குளிசைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள்.