அடிபடாமல் முறியும் எலும்பு

ஒருவர் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார், முதுகில் ‘மளுக்’கென்கிறது. விழவில்லை, அடிபடவும் இல்லை. ‘வயசாயிடுச்சு, தேய்மானம்’ என்று தைலம் தடவியே மாதங்கள் ஓடிவிடும். இப்படி வரும் முறிவுகளில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்.

மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் அடங்காமல் பெருகுவதுதான் மைலோமா. எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுவது. மைலோமா செல்கள் கரைக்கிற செல்களை ஏவிவிட்டு, கட்டுகிற செல்களை முடக்கிவிடுகின்றன. 1844இல் லண்டனில் இந்நோயால் இறந்த சாரா நியூபரி என்ற 39 வயதுப் பெண்ணுக்கு, கணவர் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோகும்போதே தொடை எலும்புகள் முறிந்தன. அன்று மருத்துவர்களிடம் இதற்கு மருந்தே இல்லை.

இன்று வழிகள் பல. நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியாக போன் சிமென்டைச் செலுத்துகிறார்கள்; 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிய முறை இது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் சில நாட்களிலேயே வலி குறைந்து எழுந்து நடப்பதுண்டு. சிமென்டுக்கு முன் சிறு பலூனை விரித்து இடம் உண்டாக்குவதும் உண்டு. தொடை எலும்பு அரித்துப்போயிருந்தால், முறியும்வரை காத்திராமல் முன்கூட்டியே உள்ளே கம்பி வைப்பது நல்லது. வலிக்கும் இடத்துக்குக் கதிர்வீச்சு தருவார்கள். சிலருக்கு ஒரே தவணை, 8 கிரே போதும்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அது வேறு விஷயம். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம்; விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

எலும்பு மேலும் கரையாமலிருக்க ஜோலெட்ரோனிக் அமிலத்தை 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெனோசுமாப் ஊசி உதவும். இரண்டுக்குமே முன்பு பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஆடுகிற பல்லை மருந்து தொடங்கிய பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். அவசரத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஆனால், போர்டிசோமிப், லெனலிடோமைடு போன்ற மருந்துகளால் மைலோமாவையே அடக்காவிட்டால் வேறோர் எலும்பு முறியும்.

வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. மைலோமாவால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அது சாய்த்துவிடக்கூடும். ஐம்பதைத் தாண்டியவருக்குத் தீராத முதுகுவலியோடு இரத்தசோகையும் இருந்தால், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் ஆகியவற்றோடு இரத்தப் புரதத்தைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.